பூச்சியமும் பதிலின்மையும்: ஊவா மலைகளுக்கு ஒரு வினவல் வரையறை

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் கனமழை பெய்யும் நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகள் பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரால் வெளிவருகின்றன. ஆனால் மலைச்சரிவில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர் தம் இருப்பிடத்தைச் சொல்வது தோட்டத்தின் பெயராலும் அதன் உட்பிரிவான டிவிசனாலும் வரிசைக் குடியிருப்பான லயத்தாலுமே ஆகும். இவ்விரு முறைகளையும் இணைத்து, கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவில் கையடக்கத் தொலைபேசிக்கு விடை அனுப்பும் இணையச் சேவை ஒன்றை அமைப்பதாகக் கொண்டால், நிரல் எழுதும் முன்னரே தீர்மானிக்க வேண்டியவை பல உள்ளன. எந்தத் தகவல் உண்டு, அது எவ்வகைப்பட்டது, எது எதனோடு தொடர்புடையது, எது சில வேளைகளில் கிடைக்காமற்போகலாம் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தைக் கணினித் துறையினர் ஸ்கீமா என்பர். இங்கு அது வரையறை எனப்படும்.

ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் தகவல் கேட்டுப் பெறும் வாயில் ஏபிஐ எனப்படுகிறது. வழக்கமான ஏபிஐகளில் ஒவ்வொரு முகவரிக்கும் விடையின் வடிவம் சேவையகத்தாலேயே நிச்சயிக்கப்பட்டிருப்பதால், ஒரு தோட்டத்தின் எச்சரிக்கை நிலையை மட்டும் அறிய விரும்புபவருக்கும் மாவட்டத்தின் முழு அட்டவணையும் வந்து சேரலாம், அல்லது ஒரு விடைக்காக மூன்று நான்கு முறை கேட்க நேரலாம். மலைமறைவில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், ரீலோட் போட்டு டேட்டா வாங்குபவருக்கு இது சிறிய இழப்பன்று. இந்தக் குறையைத் தன் கைபேசிச் செயலியில் எதிர்கொண்ட பேஸ்புக் நிறுவனம் 2012இல் கிராஃப்கியூஎல் என்னும் வினவல் மொழியை உருவாக்கி, 2015இல் அதைப் பொதுவில் வெளியிட்டது. அதன் பராமரிப்பு 2018இல் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் அமைந்த தனி அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்மொழியில் கேட்பவரே தமக்கு வேண்டிய புலங்களை, அதாவது தகவற் கூறுகளை, பெயர் சொல்லிக் கேட்கிறார். வரையறையில் இல்லாத ஒன்றைக் கேட்டால், தரவுத்தளத்தைத் தொடும் முன்னரே அந்த வினவல் நிராகரிக்கப்படுகிறது.

ஊவாவுக்கான வரையறையில் தோட்டம், டிவிசன், கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, மழைமானி, அளவீடு, எச்சரிக்கை என்பன தனித்தனி வகைகளாக அமையும். தோட்டத்தை ஒரே ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் அடக்கிவிடத் தோன்றும். ஆனால் பெரிய தோட்டமொன்று அத்தகைய இரண்டு மூன்று பிரிவுகளில் பரந்து கிடக்கக்கூடும் என்பதால், தோட்டத்திலிருந்து பிரிவுகளுக்குச் செல்லும் தொடர்பு ஒரு பட்டியலாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு வகையின் உள்ளும் அடிப்படை மதிப்புகள் அமைகின்றன. கிராஃப்கியூஎல் தரும் அடிப்படை மதிப்பு வகைகள் ஐந்து மட்டுமே: முழுவெண், தசமவெண், எழுத்துத்தொடர், ஆம்-இல்லை, அடையாளக்குறி. தேதியும் நேரமும் அவற்றில் இல்லை. அவற்றை வரையறை எழுதுபவரே புதிய வகையாக அறிவித்துக்கொள்ள வேண்டும். மழை விடயத்தில் இது அலட்சியப்படுத்தத்தக்கதன்று. வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30 உடன் முடியும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடுவதால், '96 மில்லிமீற்றர்' என்னும் எண் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்ற குறிப்பு இல்லாமல் வெளியானால், அதைப் படிப்பவர் நேற்றைய மழையை இன்றைய மழையாகக் கொள்ளவும் கூடும்.

வரையறை எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் முடிவு, எந்தப் புலம் வெறுமையாக இருக்கலாம் என்பதாகும். கிராஃப்கியூஎல்லில் எந்தப் புலமும் இயல்பாகவே வெறுமையாக வரலாம். அப்படி வரவே கூடாதென்றால் அதன் வகைக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி இடப்படும். மழைமானி ஒன்று மின்கலம் தீர்ந்து நின்றுபோனால், அதன் அளவீட்டுப் புலம் வெறுமையாக வருவதே உண்மையான விடை. அந்த இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பும் நிரல், மழையே பெய்யவில்லை என்று அறிவிக்கிறது. பிரதேச செயலக விண்ணப்பப் படிவத்தில் 'பொருந்தாது' என்று எழுதுவதும் கட்டத்தை வெற்றாக விடுவதும் வேறுவேறு என்பதை எந்த எழுதுவினைஞரும் அறிவார். கணினி அதைத் தானாக அறியாது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, காணாமற்போனோர் தொகை முதலில் பல நூறு என்று அறிவிக்கப்பட்டுப் பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் பலர் அந்நேரம் பாடசாலைக்குச் சென்றிருந்தனர். 'இன்னும் தெரியவரவில்லை' என்பதும் 'காணாமற்போனார்' என்பதும் ஒரே கூட்டலுக்குள் விழும்போது எண்கள் இவ்வாறு தடுமாறுவது தவிர்க்க முடியாதது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது என்பது எந்த வரையறையாலும் ஈடுசெய்ய முடியாத வேறொரு குறை.

ஆச்சரியக்குறியைத் தாராளமாக இடுவதும் தீங்கே. கட்டாயம் என்று குறிக்கப்பட்ட புலத்துக்கு விடை கிடைக்காதபோது அந்தப் புலம் மட்டும் வெறுமையாவதில்லை. அதைத் தாங்கும் மேல்வகையே வெறுமையாகிறது, அதுவும் கட்டாயமாயின் அதற்கும் மேலே உள்ளது வெறுமையாகிறது. அளவீடு, மழைமானி, மழைமானிகளின் பட்டியல், மாவட்டம் ஆகிய நான்கும் கட்டாயம் என்று எழுதப்பட்டிருந்தால், ஹல்துமுல்லையில் ஒரே ஒரு கருவி பேசாமற்போனதற்காகப் பதுளை மாவட்டம் முழுவதன் விடையும் ஒரு பிழைச் செய்தியாகச் சுருங்கிவிடும். ஆகவே மழைமானியின் அடையாளக்குறியும் பெயரும் கட்டாயமாகவும், அளவீடு வெறுமையாக வரத்தக்கதாகவும், கடைசியாகச் செய்தி வந்த நேரம் அதன் அருகிலேயே வேறொரு புலமாகவும் இருப்பதே பொருத்தமானது.

எச்சரிக்கை நிலைக்கு வேறு கருவி உண்டு. குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டுமே ஏற்கும் வகையை எனம் என்பர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முறையில் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருக்கவும், 100ஐக் கடந்தால் வெளியேறத் தயாராகவும், 150ஐக் கடந்தால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேறவும் அறிவுறுத்தப்படுகிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று மதிப்புகளும் இவற்றிலிருந்தே வருகின்றன. நான்காவதாக 'எச்சரிக்கை இல்லை' என்பதையும் ஒரு மதிப்பாகச் சேர்க்க வேண்டும். இல்லையேல் அபாயம் இல்லாத பிரிவும், நிலை இன்னும் ஆராயப்படாத பிரிவும் ஒன்றுபோலவே வெறுமையாகத் தோன்றும். எல்லைகள் எண்களாக இருப்பதால் நிலையைச் செயலியே கணக்கிட்டுவிடலாம் என்று எண்ணுவது பிழை: நிலத்தின் தன்மையையும் மழை தொடருமா என்பதையும் பார்த்து அதை அறிவிப்பவர் அதிகாரிகளே ஆதலால், அது மழையளவிலிருந்து விலகிய தனிப்புலமாகவே நிற்க வேண்டும்.

மொழி தொடர்பான ஓர் எரிச்சலும் இங்கு உண்டு. வகைகளுக்கும் புலங்களுக்கும் ரோமன் எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றாலான பெயர்களையே கிராஃப்கியூஎல் ஏற்கிறது. 'தோட்டம்' என்று தமிழில் ஒரு வகைக்குப் பெயரிட முடியாது. எனினும் ஒவ்வொரு புலத்தோடும் இணைக்கப்படும் விளக்கக்குறிப்பைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம், புலங்கள் தரும் மதிப்புகளும் எம்மொழியிலும் இருக்கலாம். பெயர் என்னும் புலம் மொழியை ஓர் அளபுருவாக, அதாவது கேட்கும்போதே கூடச் சொல்லும் நிபந்தனையாக, ஏற்கும்படி அமைத்தால் ஒரே தோட்டம் மூன்று மொழியிலும் கிடைக்கும். பதிவேட்டில் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப் பெயருமாக வழங்கும் மலையகத் தோட்டங்களுக்கு, 'வழக்குப் பெயர்கள்' என்ற பட்டியலும் வேண்டும். தேடுபவர் தட்டச்சிடப் போவது பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான்.

வகைகள் ஒன்றையொன்று சுட்டுவதால் தோட்டத்திலிருந்து பிரிவுக்கும், பிரிவிலிருந்து அதன் தோட்டங்களுக்கும், அங்கிருந்து மீண்டும் பிரிவுக்குமாக எவ்வளவு ஆழத்துக்கும் நீளும் வினவலையும் ஒருவர் எழுத முடியும். சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட இரவில் அப்படி ஒன்றிரண்டு வந்தாலே சேவையகம் திணறும். ஆழத்துக்கு எல்லை விதிப்பது முதற்காப்பு. பொதுமக்களுக்கான சேவையாயின், செயலியோடு முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட வினவல்களை மட்டும் ஏற்று மற்றவற்றை மறுப்பது அதனினும் உறுதியானது. ஆராய்ச்சியாளருக்கும் ஊடகத்தாருக்கும் விரிந்த வினவல் உரிமையை வேறொரு சேவையகத்தில் தரலாம்.