வீடு விற்ற காசில் தொடங்கிய ஓட்டம்: எஸ்தெபான் ஒக்கோன் ஏறிய ஏணி

2021 ஓகஸ்ட் 1. ஹங்கேரியில் மழையில் நனைந்த ஓடுபாதை. முதல் வளைவிலேயே முன்னணிக் கார்கள் மோதிக்கொண்டன. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு முன்னிலைக்கு வந்த 24 வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஒருவர், செபஸ்தியான் வெட்டல் பின்னால் விடாமல் துரத்தியபோதும், கடைசிச் சுற்றுவரை இடம் கொடுக்கவில்லை. ஃபோர்முலா 1 பந்தயத்தில் எஸ்தெபான் ஒக்கோன் பெற்ற முதல் வெற்றி அது.

ஒக்கோன் 1996 இல் பிரான்ஸின் நோர்மண்டிப் பகுதியில் பிறந்தவர். தந்தை கார் திருத்துநர். மகன் சிறுவயதிலேயே 'கார்ட்' எனப்படும் சிறு பந்தய வண்டியில் காட்டிய வேகத்தைக் கண்ட பெற்றோர், அவனது பந்தயச் செலவுக்காக வீட்டையும் கராஜையும் விற்றனர். பிறகு ஒரு கரவன் வண்டியே அவர்களுக்கு வீடானது. பந்தயம் நடக்கும் இடங்களுக்கு அதிலேயே போனார்கள், அதிலேயே உறங்கினார்கள். மகனின் வண்டியைத் தந்தையே திருத்தினார்.

இந்தச் செலவு ஏன் இவ்வளவு பெரியது? உதைபந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் வெளியும் போதும். கார்ட் பந்தயத்துக்கோ இயந்திரம், ரயர், நுழைவுக் கட்டணம், பயணம் என ஒவ்வொரு வார இறுதியும் காசு கேட்கும். அதைத் தாண்டினால் ஃபோர்முலா 4, ஃபோர்முலா 3, ஃபோர்முலா 2 என்று படிகள் உயரும். படிக்குப் படி செலவும் பல மடங்காகும். அனுசரணையாளரோ பெரிய அணியொன்றோ கைகொடுக்காவிட்டால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையின் பயணம் கார்ட்டோடு நின்றுவிடும்.

ஒக்கோனுக்கு அந்தக் கை பதின்ம வயதில் கிடைத்தது. முகாமை நிறுவனமொன்று அவரைப் பொறுப்பேற்றது. 2014 இல் ஐரோப்பிய ஃபோர்முலா 3 தொடரில் அவர் சம்பியனானார். அதே தொடரில் மூன்றாம் இடம் பெற்றவர் மக்ஸ் வெர்ஸ்டப்பன்.

ஆனால் அடுத்த ஆண்டு ஃபோர்முலா 1 இற்குப் போனவர் வெர்ஸ்டப்பன். ரெட் புல் நிறுவனம் தன் இளைய அணியில் 17 வயதிலேயே அவருக்கு ஆசனம் கொடுத்தது. சம்பியனான ஒக்கோனுக்கு அப்படியொரு கதவு திறக்கவில்லை. அவர் ஜீபி3 தொடருக்குப் போய் 2015 இல் அதிலும் சம்பியனானார். மெர்சிடிஸ் அவரைத் தன் இளம் சாரதிகளுள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது.

2016 நடுப்பகுதியில் மனோர் அணியின் இந்தோனேசியச் சாரதி ரியோ ஹர்யாந்தோவினால் அணிக்குரிய அனுசரணைப் பணத்தை முழுமையாகக் கொடுக்க முடியவில்லை. அந்த ஆசனம் ஒக்கோனுக்கு வந்தது. அவர் ஃபோர்முலா 1 இற்குள் நுழைந்தது இன்னொருவரின் பணம் தீர்ந்த இடத்தில்தான்.

இரண்டு ஆண்டுகளில் அதே பணம் அவரையும் வெளியே தள்ளியது. 2018 இல் கடனில் மூழ்கிய ஃபோர்ஸ் இந்தியா அணியை, கனேடியச் செல்வந்தர் லோரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு வாங்கியது. அடுத்த ஆண்டு ஒக்கோனின் ஆசனத்தில் அவரது மகன் லான்ஸ் அமர்ந்தார். 2019 முழுவதும் மெர்சிடிஸின் மேலதிகச் சாரதியாக மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒக்கோன். 2020 இல் ரெனோ அணி மீண்டும் அழைத்தது. அல்பீன் எனப் பெயர் மாறிய அதே அணிக்குத்தான் 2021 இல் ஹங்கேரி வெற்றியைக் கொடுத்தார்.

இன்று ஏணிக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. ஃபோர்முலா 1 ஓட்டுவதற்குரிய 'சுப்பர் லைசென்ஸ்' பெற, பொதுவாக 18 வயதும் மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகளும் வேண்டும். ஃபோர்முலா 2 தொடரில் முதல் மூன்று இடங்களுக்கு 40 புள்ளிகள், ஃபோர்முலா 3 சம்பியனுக்கு 30 புள்ளிகள் கிடைக்கும். வெர்ஸ்டப்பன் 17 வயதில் வந்ததைத் தொடர்ந்தே இந்தக் கட்டுப்பாடு இறுகியது.

தகுதி இருந்தால் உரிமம் கிடைக்கும். ஆசனம் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. 2022 இன் ஃபோர்முலா 2 சம்பியன் பிலிப்பே ட்ருகோவிச்சுக்கும், 2023 இன் சம்பியன் தியோ பூர்ஷேருக்கும் அடுத்த ஆண்டு ஃபோர்முலா 1 இல் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. இருப்பதோ இருபது சொச்சம் ஆசனங்கள்.

ஒரு பிள்ளையின் திறமையை நம்பி இருந்த வீட்டையே விற்ற குடும்பத்தின் கதை கேட்க இனிமையாக இருக்கிறது, அவர் வென்றுவிட்டதால். அதேபோல விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களின் கதைகள் செய்தியாவதில்லை. ஒக்கோனின் வெற்றியை மெச்சும்போது அவர்களையும் நினைப்பதே நியாயம்.