கடல் கடந்து கற்கும் மொழி



அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற்குப் பரிமாற்ற மாணவராகச் சென்று, அந்நாட்டு மொழியையும் கற்றுவருவது எவ்வாறு என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டாகக் கொரிய நாட்டையும் கொரிய மொழியையும் கொள்கிறேன்.

திருவாலங்காட்டில் இருந்துகொண்டு கொரிய மொழியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். எங்கள் ஊர் காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்து பாடிய தலம். இரத்தினசபை அமைந்த தலம். அத்துடன், முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 1905-இல் கிடைத்ததும் இவ்வூரிலேதான். கடல் கடந்து கடாரம் கொண்ட செய்தி அவற்றில் உண்டு. வடமொழி, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் அவை எழுதப்பட்டுள்ளன. 1960 ஏப்ரலில் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நாங்கள் ஆந்திர மாநிலத்தில் இருந்தோம். இன்றும் எங்கள் சந்தையில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் முடிப்போர் பலர். இரண்டாம் மொழி என்பது அஞ்சத்தக்கதன்று என்பதை இப்பக்கத்துப் பிள்ளைகள் தெருவிலேயே கற்றுவிடுகின்றனர்.

கொரியாவும் நமக்கு எட்டாத நாடன்று. 1950-இல் அங்குப் போர் மூண்டபோது, ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் மருத்துவ அதிகாரியின் தலைமையில் இந்திய இராணுவ மருத்துவப் படை ஒன்று சென்று, காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அது முதல் கொரியர் பலர் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கின்றனர். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் விரும்பிக் கற்கத்தக்க அயல்மொழிகளுள் கொரிய மொழியைக் குறித்திருக்கிறது.

முதலில், பரிமாற்ற மாணவர் என்பவர் யார்? தம் கல்லூரியிலேயே பெயர் பதிந்திருந்து, அக்கல்லூரியோடு உடன்பாடு கொண்ட அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவமோ இரு பருவங்களோ பயின்று திரும்புபவர். படிப்புக் கட்டணத்தைப் பெரும்பாலும் தம் கல்லூரிக்கே செலுத்துவார். விமானச் செலவும் விடுதிச் செலவும் அவரைச் சேர்ந்தவை. உதவித்தொகை பெற்று முழுப் பட்டத்திற்கும் செல்வது வேறு வழி. கொரிய அரசின் உதவித்தொகை பெறுவோர் பொதுவாக முதல் ஓராண்டு மொழி மட்டுமே பயின்று, ஆறு நிலைகள் கொண்ட கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலையையேனும் எட்டிய பின்னரே பட்டப்படிப்புக்குள் நுழைவர். அங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது. நம் நாட்டு ஆண்டோடு அது பொருந்தாமையால், விண்ணப்பத்தை முன்கூட்டியே திட்டமிடுதல் வேண்டும்.

என்னிடம் வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலமே தடுமாறுகிறது. என்னால் கொரிய மொழியைக் கற்க இயலுமா?" இதற்கு விடை அம்மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது.

எழுத்தினின்று தொடங்குவோம். கொரியர் முன்னாளில் சீன எழுத்தைக் கொண்டே எழுதினர். அதனைக் கற்கப் பல்லாண்டுகள் தேவைப்பட்டமையால், எளிய மக்கள் எழுத்தறியாதிருந்தனர். அந்நிலையை மாற்றச் செஜோங் மன்னர் 1443-இல் புதிய எழுத்தை வகுத்து, 1446-இல் நாட்டிற்கு அளித்தார். அதன் பெயர் இன்று ஹங்குல். அடிப்படை எழுத்துகள் இன்று இருபத்து நான்கே. மெய் பதினான்கு, உயிர் பத்து. ஒலி பிறக்கும்போது நாவும் வாயும் கொள்ளும் வடிவத்தையே சில மெய்களுக்கு வரிவடிவமாக அமைத்தார்கள். நம் தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் இடத்தைக் கூறும் பிறப்பியலைப் படித்த மாணவனுக்கு இது புதுமையாகத் தோன்றாது. மெய்யும் உயிரும் கூடி ஓர் அசைக்கட்டாக நிற்பதும் நம் உயிர்மெய்யை நினைவூட்டும்.

ஒலியிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'நகம்' என்பதில் வரும் ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. இடத்திற்கேற்ப அதனை வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ நாம் தாமே மாற்றிக்கொள்கிறோம். கொரிய ககரமும் சொல்லின் முதலில் ஒருவாறும், இரு உயிர்களுக்கு நடுவே வேறுவாறும் ஒலிக்கும்.

சொற்றொடரில் இவ்வொற்றுமை இன்னும் தெளிவாகிறது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதைக் கொரியர் 'நானுன் ஹக்கியோஎ காயோ' என்பர். 'ஹக்கியோ' என்பது பள்ளி; 'எ' என்பது நம் 'கு' உருபின் இடத்தில் நிற்பது; 'காயோ' என்பது வினை. எழுவாய் முன்னும் பயனிலை இறுதியும் நிற்க, உருபு பெயரை ஒட்டிவருகிறது. 'நான் படித்த புத்தகம்' என்னும் பெயரெச்சத் தொடரும் அதே வரிசையிற்றான் அமையும். ஆங்கிலத்தின் வழியாக இதனைக் கற்பவன் சொற்களைத் தலைகீழாக்க வேண்டும். தமிழின் வழியாகக் கற்பவனுக்கு அவ்வுழைப்பு இல்லை. ஆகவே, தமிழை நன்கு கற்ற மாணவன் பின்தங்கியவனல்லன். ஓர் அடி முன்னே நிற்பவன்.

இனி இடர்களையும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். தகரத்தை ஒத்த ஒலி கொரிய மொழியில் மூன்று வகைப்படும். அவற்றால் நிலா, மகள், முகமூடி என்னும் மூன்று சொற்கள் வேறுபடுகின்றன. தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் 'தால்' என்றே ஆகிவிடும்! செவியைப் பழக்கினாலன்றி இவ்வேறுபாடு விளங்காது. எண்ணுப்பெயரும் இரு வரிசை; மணியைச் சொந்த எண்ணாலும் நிமிடத்தைச் சீன வழிவந்த எண்ணாலும் சொல்லுதல் மரபு. நம் வினைமுற்றைப் போலத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அங்கே இல்லை. 'காயோ' என்பது எனக்கும் உனக்கும் அவனுக்கும் பொது. ஆயின் மரியாதை காட்டும் முறை மிக நுட்பமானது. மூத்தோரைப் பெயரிட்டு அழைப்பதில்லை. ஆசிரியரைச் 'சொன்செங்னிம்' என்றே விளிப்பர். 'வா' என்பதற்கும் 'வாருங்கள்' என்பதற்கும் வேறுபாடறிந்த நமக்கு இதன் கருத்து விளங்கும்; பழக்கந்தான் தேவை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்க ஆசிரியர், எங்கள் செப்பேடு கிடைத்த அதே 1905-இல், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். 'அப்பா' என்பது இரு மொழியிலும் தந்தையைக் குறிக்கும். ஆயுத நாட்டு இளவரசி ஒருத்தி கடல் கடந்து வந்து கொரிய மன்னரை மணந்தாள் எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கொரிய நூல் கூறுகிறது; அவள் தமிழ்ப் பெண்ணே என்பாரும் உளர். இவற்றைக் கேட்க மனம் மகிழும். எனினும், இரு மொழியும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. துருக்கிய மொழியும் ஜப்பானிய மொழியும் இதே தொடரமைப்பை உடையவை. ஒப்புமை வேறு, உறவு வேறு. ஒப்புமையைக் கற்பதற்குக் கருவியாகக் கொள்ளுங்கள். பெருமை பேசுவதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

அங்குச் செல்வோர் சிலவற்றை மனத்திற் கொள்க. பல பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறலாம். ஆனால் மருத்துவமனையிலும் கடையிலும் கொரிய மொழியின்றித் துன்புறுவீர்கள். புறப்படுமுன் எழுத்தையும் ஐந்நூறு சொற்களையுமேனும் கற்றுக்கொள்ளுங்கள். சியோல் நகரத்துக் குளிர்காலத்தில் நீர் உறையும். புலால் உண்ணாதோர் கிம்ச்சி என்னும் ஊறுகாயையும் கேட்டறிந்தே உண்ண வேண்டும்; அதில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் சேர்ந்திருக்கும். பகுதிநேர வேலைக்குக் குடிவரவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆதலின், அங்கே சம்பாதித்து அடைத்துவிடலாம் என்று நம்பிப் பெற்றோரின் நிலத்தை அடகு வைத்துச் செல்லாதீர்கள். இடைத்தரகர் சொல்லை நம்பாது, உங்கள் கல்லூரியிலும் தூதரகத்திலும் நேரே விசாரியுங்கள். உதவித்தொகை கிட்டவில்லையெனில் ஓராண்டு காத்திருங்கள். அவ்வாண்டில் மொழியைக் கற்றால் அடுத்த விண்ணப்பம் வலுப்பெறும்.

நம் நாட்டைப் பற்றி அங்குள்ளோர் உங்களிடம் கேட்பார்கள். தங்கள் எழுத்தின் பிறந்த நாளை அக்டோபர் 9-இல் விடுமுறை விட்டுக் கொண்டாடும் மக்கள் அவர்கள். உங்கள் மொழியின் எழுத்து எத்தனை, அதன் பழைய இலக்கணம் யாது என்று அவர்கள் வினவும்போது, விடையின்றித் தலைகுனியும் நிலை உங்களுக்கு வரலாகாது. ஆதலின், கொரிய மொழி கற்கப் புகும் மாணவர்கள் தங்கள் தமிழ் இலக்கண நூலையும் ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டுப் புறப்படுவார்களாக.