தெளிவைத் தரும் மங்கல்

மார்கழி, தை மாத இரவுகளில் திருவாதிரை சிவந்து மினுங்கும் ஓரியன் மண்டலத்தைப் பாருங்கள். நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்குச் சற்றுத் தள்ளி, புகை படிந்தாற்போல ஒரு சிறு வெளிச்சம். அதுதான் ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் வாயு மேகம். அதன் நடுவே ட்ரபீசியம் என்னும் இளம் விண்மீன் கூட்டம் ஒளிர்கிறது. ஃபிலிம் காலத்துப் படங்கள் பலவற்றில் அந்த நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் நெகட்டிவில் அங்கே நிறையவே பதிந்திருக்கும். பிரிண்ட் போட்ட காகிதம்தான் அதை விழுங்கிவிட்டது.

நெகட்டிவின் கறுப்பு உண்மையில் வெள்ளி. ஒளி அதிகம் பட்ட இடத்தில் வெள்ளியின் நுண்துகள்கள் நெருக்கமாகக் கிடக்கும். குறைவாகப் பட்ட இடம் மெலிந்திருக்கும். இந்த நெருக்கத்தின் அளவைத்தான் அடர்த்தி என்கிறோம். டார்க் ரூமில் என்லார்ஜரின் விளக்கு இதை ஊடுருவிப் பேப்பரில் விழுகிறது. வெயிலும் நிழலும் கலந்த காட்சி என்றால், நெகட்டிவின் மெலிந்த இடம் அடர்ந்த இடத்தைவிட 40 மடங்கு ஒளியைக்கூட விட்டுவிடும். ஆனால் நடுத்தரமான இரண்டாம் கிரேடு பேப்பர் தாங்குவது ஏறக்குறைய 10 மடங்கு வித்தியாசத்தைத்தான். அதைத் தாண்டினால் ஒரு முனை முழு வெள்ளை, மறு முனை முழுக் கறுப்பு.

வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும் மென்மையான கிரேடு பேப்பரில் எல்லாமே அடங்கும். ஆனால் படம் சாம்பல் பூத்து உயிரற்றுப் போகும். கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை விளக்குக்குக் குறுக்கே ஆட்டிச் சில இடங்களுக்கு ஒளியைக் குறைக்கலாம். ஒரு முகத்துக்கோ ஒரு மேகத்துக்கோ அது போதும். ஆயிரம் இலைகளுக்கு நடுவே ஆயிரம் நிழல் இருந்தால் எந்தக் கை அட்டை பிடிக்கும்?

அங்கேதான் 'மங்கல் மறைப்பு' (அன்ஷார்ப் மாஸ்க்) வருகிறது. நெகட்டிவிலிருந்தே எடுக்கும், வேண்டுமென்றே மங்கலாக்கிய மெல்லிய பாசிட்டிவ் நகல் அது, சுருக்கமாக மாஸ்க். நெகட்டிவுக்கும் புது ஃபிலிமுக்கும் நடுவே ஒளியைச் சிதறடிக்கும் ஒரு தாளை வைத்து, மேலிருந்து ஒளி பாய்ச்சுவார்கள். தண்ணீர் அதிகம் கலந்த டெவலப்பரில் அந்த ஃபிலிமைக் கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஃபோகஸ் தப்பிய சாம்பல் நிழல் ஒன்று தெரியும். குப்பையில் போடத் தோன்றும் அளவுக்குச் சோகையான ஃபிலிம்.

அதை நெகட்டிவோடு சேர்த்து அடுக்குங்கள். நெகட்டிவ் மெலிந்த இடத்தில் மாஸ்க் அடர்ந்திருக்கும். அங்கே மூன்றில் ஒரு பங்கு ஒளியை மட்டும் அது விட்டால், 40 மடங்கு வித்தியாசம் 13 ஆகச் சுருங்கிவிடும். கை ஆட்டவே வேண்டாம். படத்தின் ஒவ்வொரு மூலைக்கும் தேவையான மறைப்பைப் படமே வரைந்து கொடுத்துவிட்டது.

மங்கலாக்குவது ஏன்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மாஸ்க் கூர்மையாக இருந்தால், இலை நரம்பு, தலைமுடி போன்ற நுணுக்கங்களின் வேறுபாட்டையும் அது சேர்த்தே குறைத்துவிடும். மங்கலான மாஸ்குக்கு நரம்பும் முடியும் கண்ணிலேயே படாது. பெரிய பரப்புகளின் ஏற்றத்தாழ்வை மட்டும் தணித்துவிட்டு, நுணுக்கங்களை அப்படியே விட்டுவிடும். மொத்த வித்தியாசம் குறைந்துவிட்டதால் இப்போது கடினமான கிரேடு பேப்பருக்குத் தாராளமாகப் போகலாம். அது நுணுக்கங்களை இன்னும் தூக்கிக் காட்டும். மங்கல் என்பதால் நெகட்டிவோடு பொருத்துவதில் இம்மி பிசகினாலும் பெரிய கேடில்லை. ஆனாலும் 35 மி.மீ. நெகட்டிவில் இது கண்ணை வருத்தும் வேலை. 4×5 அங்குல ஃபிலிம் என்றால் கைக்கு அடங்கும்.

விளிம்புகளில் இன்னொரு அதிசயம் நடக்கிறது. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோட்டில் நெகட்டிவ் சட்டென்று மாறும். மாஸ்க் மட்டும் மெல்ல மெல்லத்தான் மாறும். அந்த இடைவெளியில், பிரிண்டின் கறுப்புப் பக்கம் கோட்டை ஒட்டி இன்னும் கறுக்கும்; வெளுப்புப் பக்கம் இன்னும் வெளுக்கும். கோலத்துக்குச் செம்மண் கரை கட்டினால் வெள்ளை எடுப்பதுபோல, விளிம்பு பளிச்சென்று நிற்கும். நம் கண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாம்பல் பட்டைகள் சந்திக்குமிடத்தில் உண்மையில் இல்லாத கருங்கோடும் வெண்கோடும் நமக்குத் தெரிகின்றன என்று இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் எழுதினார். விளிம்பை இப்படி எடுப்பாக்கும் ஏற்பாடு குதிரைலாட நண்டின் கண்ணிலும் உண்டு: அங்கே ஒளி பட்ட ஒவ்வொரு உணரியும் பக்கத்து உணரிகளை அடக்குவதைக் கண்டவர் ஹார்ட்லைன். பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1967இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மாஸ்கைக் கொண்டு ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதியை மீட்டவர் டேவிட் மாலின். வேதியியல் படித்த இவர், 1975இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் இருக்கும் அதன் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் அப்போது கண்ணாடித் தகடுகளில்தான் படமெடுத்தார்கள். நடுத் தாளைக்கூட மாலின் தேடவில்லை. தகட்டின் கண்ணாடிப் பக்கத்தில் ஃபிலிமை வைத்துப் பரவலான ஒளியைப் பாய்ச்சினார். மங்கலாக்கும் வேலையைக் கண்ணாடியின் தடிமனே பார்த்துக்கொண்டது. ட்ரபீசியமும் அதைச் சூழ்ந்த வாயு இழைகளும் ஒரே பிரிண்டில் வந்து நின்றன.

போட்டோஷாப்பில் படத்தைக் கூர்மையாக்கும் ஒரு கட்டளைக்கு இன்றும் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்றே பெயர். கணினி படத்தின் மங்கலான நகலை உருவாக்கி, அதை மூலத்திலிருந்து கழித்து, மிஞ்சும் நுணுக்கத்தைப் படத்தோடு கூட்டுகிறது. எவ்வளவு மங்கலாக்க வேண்டும் என்று சொல்ல அதில் 'ரேடியஸ்' என்றொரு எண் உண்டு. அதைக் கூட்டுவது, தடிமனான கண்ணாடித் தகட்டுக்கு மாறுவதற்குச் சமம்.