ஒரு சொட்டுப் பாலும் பத்து வெள்ளியும்



மரத்தை வெட்டி முடித்து, மங்கில் விழும் முதல் சொட்டுப் பாலைப் பார்த்து, "இந்த ஒரு சொட்டு எந்த மூலைக்கு?" என்று மங்கைக் கவிழ்த்துவிட்டுப் போன பால்வெட்டுக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? பார்த்திருக்க மாட்டீர்கள். சொட்டு மங்காகும், மங்கு வாளியாகும் என்பதை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே மனிதர் சம்பள நாளன்று பத்து வெள்ளியைக் கையில் எடுத்ததும் என்ன சொல்கிறார்? "இந்தப் பத்து வெள்ளியிலே என்ன ஆகப்போகுது?" காட்டில் ஞானியாக இருந்தவர் கடைத்தெருவுக்கு வந்ததும் குழந்தையாகி விடுகிறார்!

மூன்று வாய்கள்

சேமிப்பு என்று சொன்னாலே மூன்று விதமான வாய்கள் திறக்கும். முதல் வாய், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்னும். அந்த அடுத்த மாசம் நாள்காட்டியில் இதுவரை வந்ததில்லை. இரண்டாவது வாய், "பத்து வெள்ளியிலே மலையையா வாங்கப் போறீங்க?" என்று சிரிக்கும். மூன்றாவது வாய்தான் மிகவும் கெட்டிக்கார வாய். "எல்லாம் தின்னுட்டு ஓடிடுவானுங்க, அண்ணே! எனக்குத் தெரியாதா?" என்று அடுத்தவரையும் தடுத்துவிடும்.

இந்த மூன்று வாய்களையும் மீறி நம்மவர்கள் ஒரு காரியத்தைச் சாதித்தார்கள். அந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மலையே வாங்கிய கதை

1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்று லாபம் பார்த்தார்கள். துண்டானது நிலம் மட்டுமா? தோட்டம் துண்டானால் வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடு போயிற்று. இரண்டு மூன்று தலைமுறையாக மரம் நட்டு வளர்த்தவர்கள், மூட்டை முடிச்சோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்போதுதான் 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்த அவர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் கேட்டது, மாதம் பத்து வெள்ளி. அந்த நாளில் பத்து வெள்ளி என்பது பல நாள் வியர்வை. பிள்ளையின் சட்டையையும், வீட்டின் கறிச்சோற்றையும் தள்ளிப்போட்டுக் கொடுத்தார்கள்.

மறு ஆண்டே, 1961இல், கெடா மாநிலத்தில் சங்கத்தின் முதல் தோட்டம் வாங்கப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? புக்கிட் சிடிம்! புக்கிட் என்றால் மலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பத்து வெள்ளியிலே மலையையா வாங்கப் போறீங்க?" என்று கேட்ட வாய்க்கு இதைவிட நல்ல பதில் உண்டா? துன் அவர்கள் 1979இல் மறைவதற்குள் தோட்டங்கள் பலவாகின. பல்லாயிரம் தொழிலாளர்கள் பங்குதாரர் ஆகினர்.

சந்தேகம் எங்கே, பக்தி எங்கே?

"அப்படியானால் யார் கேட்டாலும் கொடுத்துவிடலாமா, சார்?" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது! 1986ஆம் ஆண்டில் இந்த நாட்டிலேயே 24 வைப்புத்தொகைக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. பணம் போட்டவர்கள் கலங்கிப் போனார்கள். கூட்டுறவு என்று பலகை மாட்டினால் மட்டும் நேர்மை வந்துவிடாது. ஆகவே மூன்றாவது வாய் கேட்கும் கேள்வி தவறல்ல. கேட்கும் இடம்தான் தவறு.

எப்படி என்கிறீர்களா? கணக்கு காட்டி, ரசீது கொடுத்து, மாதம் பத்து வெள்ளி கேட்பவரிடம் நாம் நூறு கேள்வி கேட்போம். "ஆயிரம் போடுங்கள், மூன்றே மாதத்தில் இரண்டாயிரம்" என்று பளபளக்கும் காரில் வருபவரிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். "காப்பி குடிங்க, தம்பி" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவோம்! கனவில் பாம்பு வந்தால் அதற்கு எந்த நம்பர் என்று அடுத்த வீட்டு அக்காவிடம் நம்பிக்கையோடு கேட்போம். பாம்பை நம்பும் நாம், பாஸ் புத்தகத்தை நம்புவதில்லை.

இதற்குக் காரணம் அறிவில்லாமை அல்ல, ஆசை. சிறிய தொகை நம்மிடம் பொறுமையைக் கேட்கிறது. பெரிய வாக்குறுதி எதையும் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொள்ளத்தான் சொல்கிறது. கண்ணை மூடுவது சுலபம் அல்லவா?

ஆகவே பெற்றோர்களே, யார் பணம் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடம் போகிறது? எதற்குப் போகிறது? ரசீது எங்கே? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தயங்காதீர்கள். ஒன்றுக்குப் பதில் மழுப்பினாலும், வந்தவர் துன்பப்படாமல் வாசல்வரை வழியனுப்பி வையுங்கள்.

சம்பள நாளன்று பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சேமிப்புக்கு என்று ஒரு தொகையை அதன் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மங்கைக் கவிழ்க்காத கை அந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும். அதுவே நீங்கள் விட்டுச்செல்லும் பெரிய சொத்து.