பார்ட்ஸ் வாங்கி எலெக்ட்ரிக் கிட்டார் செய்தா மிச்சமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

செல்லூர்லேர்ந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "சார், கல்யாணக் கச்சேரிகள்ல கிட்டார் வாசிக்கிறேன். பாடி, நெக், பிக்கப்னு தனித்தனியா வாங்கி, எனக்குப் பிடிச்ச மாதிரி புதுசா ஒண்ணு சேர்க்கணும். நகையை அடகு வெச்சா 40,000 ரூபாய் கிடைக்கும். செய்யலாமா?"

சுருக்கமான பதில்: தேவை இருந்தா செய்யலாம். ஆனா காசு மிச்சமாகும்னு செய்யாதீங்க, அதுக்காக நகையையும் வைக்காதீங்க. ஏன்னு பார்க்கலாம்.

இது முதலீடு இல்ல

1950-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த கிட்டார்ல (டெலிகாஸ்டர்னு பின்னாடி பேர் வந்தது) நெக்கைப் பசை போட்டு ஒட்டாம, ஸ்க்ரூ போட்டு பாடியோட இணைச்சாங்க. அதனாலதான் இன்னிக்கும் பார்ட்ஸ் மாத்தறது சுலபமா இருக்கு. எரிக் கிளாப்டன் 1970-ல் வாங்கின பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்கள்ல மூணோட நல்ல பாகங்களைச் சேர்த்து "பிளாக்கி"ன்னு ஒண்ணு உருவாக்கினார். 2004-ல் கிறிஸ்டீஸ் ஏலத்துல அது 9,59,500 டாலருக்குப் போச்சு. அந்த விலை வாசிச்ச கைக்குக் கிடைச்சது. நாம சேர்க்கற கிட்டாருக்கு பிராண்ட் பேரும் இல்ல, கம்பெனி வாரன்ட்டியும் இல்ல. விக்கப்போனா பழைய பார்ட்ஸ் விலைதான் கேப்பாங்க.

அடக்க விலை எப்படி ஏறுது?

தறிக்காரங்களுக்குத் தெரியும்: நூல் விலை மட்டும் சேலை விலை ஆகாது, சாயம், கூலி எல்லாம் சேரணும். இங்கயும் அப்படித்தான். வெளிநாட்டுலேர்ந்து ஒரு நெக் வாங்கறீங்கன்னு வைங்க. வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கணக்குக்காக சுங்க வரி 10%, ஐஜிஎஸ்டி 18%னு வெச்சுக்குவோம்.

- நெக் விலை: 10,000
- அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ்: 3,000
- சுங்க வரி (13,000-க்கு 10%): 1,300
- சமூக நல சர்சார்ஜ் (அந்த வரியில 10%): 130
- ஐஜிஎஸ்டி (14,430-க்கு 18%): 2,597
- மொத்தம்: 17,027 ரூபாய்

கவனிங்க, கூரியர் செலவுக்கும் வரி உண்டு, வரி மேலயும் வரி உண்டு. இதுக்கு மேல கார்டு கம்பெனியோட அந்நியச் செலாவணிக் கட்டணம், கூரியர் கம்பெனியோட கட்டணம் வேற. பார்ட்ஸ் வந்த பிறகு ஃப்ரெட் சமன் பண்ண, செட்டப் பண்ண கூலி தனி.

எதுல செலவு பண்ணணும்?

முதல்ல நெக். கை படற இடம் அதுதான். ஃப்ரெட் சரியில்லன்னா எந்த பிக்கப்பும் காப்பாத்தாது. அடுத்து டியூனர், நட், பிரிட்ஜ். சுருதி நிக்கறது இதுங்களாலதான். பிக்கப்பை அப்புறமா மாத்திக்கலாம். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஸ்கேல் நீளத்தைப் பாருங்க: ஃபெண்டர் வகை 25.5 இன்ச், கிப்சன் வகை 24.75 இன்ச். நெக் ஒரு வகை, பிரிட்ஜ் இருக்கற இடம் வேற வகைன்னா சுருதியே சேராது. திருப்பி அனுப்பற செலவும் நம்ம தலையிலதான்.

வருமானம் வந்தா வரியில சலுகை உண்டா?

கச்சேரி வருமானத்தைக் கணக்கு எழுதிக் காட்டறீங்கன்னா, கிட்டார் ஒரு தொழில் சொத்து. பார்ட்ஸ், சுங்க வரி, சேர்த்துக் கொடுத்தவருக்கான கூலி எல்லாம் அடக்க விலையில வரும். உங்க சொந்த உழைப்புக்கு மதிப்புப் போட முடியாது. வருஷம் 15% தேய்மானம். வாங்கின வருஷத்துல 180 நாளைக்குக் கம்மியா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி. ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா, அந்தத் தொகை அடக்க விலையில சேராது. அதனால யூபிஐ, பில் ரெண்டும் முக்கியம். அனுமான வருமானத் திட்டத்துல இருந்தா, தேய்மானம் ஏற்கெனவே கழிஞ்சதா எடுத்துக்குவாங்க. தனியா கேட்க முடியாது.

அப்போ தம்பி என்ன செய்யணும்?

மேண்டலின் ஸ்ரீனிவாஸ், ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி இருக்கற மேண்டலினை விட்டுட்டு, ஒத்தைக் கம்பியா அஞ்சு இருக்கற எலெக்ட்ரிக் மேண்டலினுக்கு வந்தார். கர்நாடக இசைக்கு அது தேவைப்பட்டுச்சு. உங்க வாசிப்புக்கும் அப்படி ஒரு தேவை இருக்கான்னு முதல்ல எழுதிப் பாருங்க.

நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னாலும் 40,000-க்கு மாசம் 400 ரூபாய். முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியிலயும் அந்த வட்டி ஓடும். உங்க கையில ஏற்கெனவே ஒரு கிட்டார் இருக்கு. ஒவ்வொரு கச்சேரிப் பணத்துலயும் 10% தனியா எடுத்து வைங்க. அந்தப் பணம் சேரச்சேர முதல்ல ஃப்ரெட் வேலை, அப்புறம் டியூனர், அப்புறம் பிக்கப்னு ஒவ்வொண்ணா மாத்துங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் ரெண்டு கச்சேரி வாசிச்சுப் பாருங்க. பல பேருக்கு அங்கயே தேவை முடிஞ்சிடும். முடியலைன்னா, அந்தப் பார்ட்ஸைக் கழட்டிப் புது பாடியிலயே மாட்டிக்கலாம்.

சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.