கீழைக் கரையின் சரித்திரம் – 7: எயிற்பட்டினத்துப் பாணர்

சென்ற வாரம் அரிக்கமேட்டில், 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து கண்ட இத்தாலிய மட்கலச் சில்லுகளைப் பற்றிப் பேசினோம். அங்கிருந்து வடக்கே, கழுவெளி ஏரியை மேற்கே விட்டு மரக்காணத்து உப்பளங்களுக்கு வருகிறவர்களுக்கு, பாத்திகளில் வெயில் குடிக்கும் நீரையும் வரப்போரத்து வெண்குவியல்களையும் அன்றி ரோமர் காலத்துச் சின்னம் எதுவும் கண்ணில் படாது. ஆயினும் ரோமாபுரியின் பிரதாபம் பேசப்படும் இடத்திலெல்லாம் இக்கரையையும் உடன்வைத்துப் பேசவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த எண்ணத்தைக் கிளறியது 'பிரிட்டானியா' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். 2018-இல் தொடங்கி 2021-இல் மூன்றாம் பருவம் கண்ட அத்தொடரில், கி.பி. 43-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் ஆணையால் ஆலஸ் பிளாட்டியஸ் என்னும் சேனாதிபதி பிரிட்டன் தீவில் படையிறக்கியது சரித்திரம்; அவனை எதிர்கொள்ளும் கெல்டிய அரசியரும், ஆவேசமுற்ற துருயிதுக் குருமாரும், மறுவுலக யாத்திரைகளும் பெரும்பாலும் கற்பனை. அக்கற்பனையை நான் குறைகூற மாட்டேன். துருயிதர் தம் ஞானத்தை எழுத்தில் வைக்க உடன்படவில்லை என்று நமக்குச் சொல்பவனே கெல்டியரை வென்ற ஜூலியஸ் சீசர்தான். ரோமரை எதிர்த்த கெல்டிய ராணி பௌதிக்காவின் வீரத்தை நாம் அறிவதும் டாசிடஸ் முதலிய ரோமானிய சாம்ராஜ்யத்து ஆசிரியர்களின் தயவால்தான். பகைவரின் ஏட்டில் மட்டுமே வாழ்கிற ஜனங்களுக்காக வழக்காட வரும் கலைஞன், மந்திரத்தையும் மாயத்தையும் துணைக்கழைப்பதன்றி வேறு என் செய்வான்?

அதே நூற்றாண்டில் எகிப்திலிருந்த கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், இக்கரைத் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் மூன்றைச் சொல்கிறது. சோபத்மா மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. பிரிட்டனுக்குப் படையை அனுப்பிய சாம்ராஜ்யம் தமிழகத்துக்கு அனுப்பியது மதுச்சாடிகளும் பொற்காசுகளுமே. ஆனால் அவ்வணிகன் துறையின் பெயரைச் சொன்னானேயன்றி, அங்கு வாழ்ந்தவர் முகத்தைக் காட்டவில்லை.

முகத்தைக் காட்டியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தையும் மரக்காணத்தோடு பொருத்துவர். அங்கே அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரங்கள், உறங்கும் ஒட்டகங்கள் போல் மணலில் கிடக்கின்றன. அம்மரத்தை விறகாக எரித்து நுளைமகள் தேறல் சமைக்கிறாள். வழிநடந்து களைத்த பாணருக்குப் பரதவர் அத்தேறலையும் சுட்ட குழல்மீனையும் ஊட்டுகின்றனர். நெய்தல் நிலத்துக்கு ஒட்டகத்தை உவமையாகக் கொண்டுவந்த அப்புலவர் அதை எத்துறையில், எவர் கொண்டுவரக் கண்டாரோ என்று எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அதே பாட்டில், உமணரின் உப்பு வண்டிகளோடு வந்த மந்தியொன்று, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பையாக்கிக் குழந்தைகளோடு விளையாடுகிறது. அது கொற்கைப் பக்கத்துக் காட்சி.



எயிற்பட்டினத்தைச் சின்னத்திரைக்குக் கொண்டுவர ஒரு தமிழர் முன்வந்தால், அவருக்கு மாயம் தேவைப்படாது. பசித்த பாணர் குடும்பம் ஒன்றும், அது நடந்த வழியும் போதும். எயிற்பட்டினத்திலிருந்து வேலூர், ஆமூர் வழியாகத் திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் வரை செல்லும் அவ்வழியை அடுத்த வாரம் தொடர்வோம்.