தாடிக்கொம்புத் தூணுக்குப் பின்னால்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் பஸ் பிடித்தால், அரை மணி நேரத்துக்குள் தாடிக்கொம்பு. குடகனாற்றுக் கரையில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தாயார் சன்னிதிக்கு முன்னால் இருக்கும் மண்டபத்துக்குள் கால் வைத்ததும் எனக்குக் கை காலே ஓடவில்லை! கருடன் தோளில் வைகுண்டநாதர், வானத்துக்குக் காலைத் தூக்கிய உலகளந்தவர், அகோர வீரபத்திரர், கார்த்தவீரியார்ச்சுனன், மன்மதன், ரதி. எல்லாம் ஆளைவிடப் பெரிசு.

மாயக்கதை என்றதும் எல்ஃப், ட்வார்ஃப், ஆர்க் என்று பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். டோல்கீன் கட்டி, 1937-இல் ‘தி ஹாபிட்’ மூலம் வாசகர் கைக்கு வந்த உலகம் அது, எனக்கும் உயிர். ஆனால் நம் பழைய நூல்களில் பதினெண் கணம் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கின்னரர், கிம்புருடர், கந்தருவர், இயக்கர், விஞ்சையர், உரகர், பூதர், பசாசர்... பெயரைச் சொல்லும்போதே நாக்கு தித்திக்கிறது!

இத்தனை கூட்டத்தையும் சிற்பி எப்படிக் குழப்பாமல் செதுக்கினார்? இதோ திரைக்குப் பின்னால் இருக்கும் ரகசியம்: தாலம். உங்கள் கையை விரித்து முகத்தில் வையுங்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமும், மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை உள்ள நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த ஒரு முக நீளம்தான் ஒரு தாலம். பெருமாள், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம். மனிதனுக்கு எட்டு. பிள்ளையாருக்கு ஐந்து. பூதகணங்களுக்கு அதையும்விடக் குறைவு. அதனால்தான் குட்டையாய், தலை பெருத்து, தொந்தியும் தொப்பையுமாய்க் கொழுகொழுவென்று நிற்கின்றன. கல்லில் உளி படுவதற்கு முன்பே, அது எந்தக் குலம் என்று முடிவாகிவிடுகிறது!

இரணியன் தூண்களிடம் வந்தபோதுதான் நான் நகரவே இல்லை. ஒன்றில் நரசிம்மரோடு நேருக்கு நேர் சண்டை; இன்னொன்றில் மடியில் கிடத்திக் குடல் உருவுகிறார். மனிதனாலும் சாகக்கூடாது, மிருகத்தாலும் சாகக்கூடாது என்று வரம் வாங்கினவன் இரணியன். இரண்டிலும் சேராத ஓர் உருவத்தைப் படைத்தால் ஒழியக் கதை நகராது. ஆள்பாதி சிங்கம்பாதி பிறந்தது அப்படித்தான். ஓர் இனத்தை வெறும் அலங்காரமாக விடாமல் கதையின் பூட்டுக்கே சாவியாக்கியிருக்கிறார்களே, அதை நினைத்து நினைத்துச் சிலிர்த்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த இரணியனின் பிள்ளைதான் பிரகலாதன். அசுரக் குலத்தில் பிறந்த பக்தன். அரக்கர் குலத்தில் வீடணன். தம் கதையில் ஆர்க்குகள் எல்லோருமே பிறவியிலேயே கெட்டவர்களா என்ற கேள்வி டோல்கீனைக் கடைசிவரை உறுத்தியது. நம் கதைசொல்லிகள் அந்த முடிச்சை வெகு காலத்துக்கு முன்பே அவிழ்த்துவிட்டார்கள். மணிமேகலையில் சாதுவன் என்றொரு வணிகன், கப்பல் உடைந்து, ஆளைத் தின்னும் நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவனைப் பிழைக்க வைத்தது வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. அவர்கள் பாஷை அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்! பேசிப் பேசியே தலைவனின் மனசை மாற்றிவிடுகிறான். இன்றைக்கு மாயக்கதை எழுத உட்காரும் ஒவ்வொருவரும் இந்த ஒரு காட்சியைப் படித்தே ஆக வேண்டும் என்பேன்.

மண்டபத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா, “வர்றப்ப செறுமலையப் பாத்தியாம்மா? அனுமாரு சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போறப்ப விழுந்த துண்டு அது” என்றார். பஸ் ஜன்னல் வழியே நீலமாய்ப் பார்த்த மலை! அப்படியானால் திண்டுக்கல் சமவெளி முழுக்க வானரர் கடந்துபோன வழிதானே!

பட்டர் நடை சாத்தச் சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். எனக்கு இன்னும் ரதி, மன்மதன் தூண்களில் தாலம் அளந்து பார்க்க வேண்டியிருந்தது. முகத்தில் வைத்த கையை எடுக்காமலே, “அஞ்சே நிமிஷம் சாமி” என்று கெஞ்சினேன்.